வலையில் பட்ட நேரம்

வளைகுடாவில் ஆறு ஆண்டுகள் ஏ.சி. மெக்கானிக்காக வேலை பார்த்துவிட்டு 2016ஆம் ஆண்டின் இறுதியில் ஊர் திரும்பியபோது, குளிர்ச்சியைப் பற்றி இனி எனக்குத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்ற எண்ணம் எனக்கு இருந்தது. எங்கள் ஊர் செம்பனார்கோயிலுக்குப் பக்கத்தில் வயலும் வாய்க்காலுமாக உள்ள ஊர். கடல் இருபது கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்தாலும், மீன் என்பது எங்கள் வீட்டுக்கு அன்னக்கூடையில் தலைச்சுமையாக வந்து திண்ணையில் இறங்கும் பொருளாகவே இருந்தது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்துச் சம்பா கருகிப் போயிருந்ததால், நிலத்தை நம்பிக் காத்திருக்க மனம் வரவில்லை. கையிலிருந்த சேமிப்பில் ஒரு பழைய டாடா ஏஸ் வண்டியை வாங்கி, தரங்கம்பாடிக்கு வடக்கே உள்ள ஒரு குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருந்த, என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒருவருடன் சேர்ந்து மத்தி வியாபாரத்தில் இறங்கினேன். அவரை இந்தக் கட்டுரையில் அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன். நான் அவரை அப்படித்தான் அழைக்கிறேன்.

மத்தியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் மலிவும் கேரளத்தில் அதற்கிருந்த கிராக்கியும்தான். டெல்டாவின் உள்ளூர்களில் வஞ்சிரத்துக்கும் கொடுவாவுக்கும் இருக்கும் மரியாதை மத்திக்குக் கிடையாது. விருந்தாளி வந்திருக்கும் நாளில் மத்தி வாங்கினால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். எங்கள் கரையில் இதன் இனத்தைச் சேர்ந்த, சற்று ஒடுங்கிய உடலும் குறைந்த நெய்யும் உள்ள மீன்களுக்குக் கவலை என்று பெயர். கவலையில்லாத குப்பமே கிடையாது என்று அண்ணன் வீட்டார் இன்றும் சலிக்காமல் சொல்லிச் சிரிப்பார்கள். நாங்கள் விற்க எடுத்த, நெய் மிகுந்த மத்தியான நெய் மத்தி பழைய காலத்தில் பெரும்பாலும் மேற்குக் கடற்கரைக்கு உரிய மீனாக இருந்தது. சோழமண்டலக் கரையில் அது கணிசமாகக் கிடைக்கத் தொடங்கியது 1980களுக்குப் பிறகுதான் என்பதால், அண்ணனின் தகப்பனார் காலத்து அனுபவ அறிவு முழுவதும் கவலையையும் நெத்திலியையும் காணாங்கெளுத்தியையும் பற்றியதாகவே இருந்தது. கவலைக்குப் பொருந்திய பல வழக்கங்கள் நெய் மத்திக்குப் பொருந்தவில்லை என்பதை நாங்கள் இருவரும் சேர்ந்து, பணத்தை இழந்துதான் கற்றோம்.

முதல் இழப்பு 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் நேர்ந்தது. மீன்பிடித் தடைக்காலம் 45 நாட்களிலிருந்து 61 நாட்களாக நீட்டிக்கப்பட்ட ஆண்டு அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்க, ஃபைபர் படகுகள் மட்டும் தொழிலுக்குப் போய்வந்ததால், எந்த மீனுக்கும் நல்ல விலை இருந்தது. காலை ஏழு மணி ஏலத்தில் 280 கிலோ மத்தியை எடுத்தேன். நான்கு பார் ஐஸ் வாங்கி, செங்கல் அளவுக்கு உடைத்து, பிளாஸ்டிக் கிரேட்டுகளில் நிரப்பிய மீனின் மேல் பரப்பி, தார்ப்பாயால் மூடி, வண்டியை ஒரு வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு, மறுநாள் விடியற்காலை கும்பகோணம் சந்தைக்குக் கொண்டுபோனேன். மேலடுக்கு மீன் கண்ணாடிபோல் இருந்தது. ஏலக்காரர் கையை உள்ளே விட்டு நடுவிலிருந்து ஒரு மீனை வால் பக்கமாகத் தூக்கினார். அது துணியைப்போல் துவண்டு தொங்கியது. வயிறு பிளந்து குடல் வெளியே வந்திருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் மீனைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அன்று மாலை அந்தச் சரக்கைக் கோழித்தீவனத்துக்கு எடுப்பவரிடம் தள்ளியபோது, வாங்கிய விலையில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

ஐஸ் போதவில்லை என்றுதான் நான் நினைத்தேன். திரும்பி வந்து அண்ணனிடம் சொன்னபோது அவர் வேறு விதமாகச் சொன்னார்: "தம்பி, அந்த மீனு ஒங்க பொட்டிக்குள்ள கெட்டுப்போவல. வலையிலயே செத்து நேரமாச்சு." அதற்கு அடுத்த வாரம் அவருடன் கடலுக்குப் போனேன். மீன் வியாபாரத்தில் இறங்க நினைக்கும் எவரும் ஒரு முறையாவது அப்படிப் போய்வர வேண்டும் என்று நான் கருதுவதற்குக் காரணம், கரையில் நின்றபடி பார்த்தால் மீனின் கதை பாதியிலிருந்துதான் தெரியும்.

இரவு இரண்டு மணிக்குக் கிளம்பி, எட்டுப் பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) ஆழத்தில் வலையை விட்டார்கள். நிலவில்லாத இரவில் மீன் மாப்பு, அதாவது மீன் கூட்டம், நகரும் இடத்தில் தண்ணீர் நீலமாய்ப் பளிச்சிடுவதைக் கண்டு வலை விடுவது பழைய முறை. இப்போது அத்துடன் எதிரொலிக் கருவியும் சில படகுகளில் இருக்கிறது. மத்தி வலை சுவரைப்போல் தண்ணீரில் தொங்கும். தலை நுழைந்து செவுள் மாட்டிக்கொண்ட மீன் பின்வாங்க முடியாமல் சில நிமிடங்களில் செத்துவிடும். மே மாதத்தில் எங்கள் கடலின் மேல்நீர் 29 டிகிரிக்கும் குறையாது. ஆகவே செத்த மீன் கதகதப்பான தண்ணீரிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. அன்று வலை தண்ணீரில் கிடந்தது இரண்டு மணி நேரம். அதை வலித்து, அதாவது படகுக்குள் இழுத்து, முடிக்க ஒரு மணி நேரம். கரைக்குத் திரும்ப முக்கால் மணி நேரம். அதற்குப் பிறகுதான், நான் அதுவரை ஒரு பொருட்டாக எண்ணாத வேலை தொடங்கியது.

மத்தி வலையிலிருந்து மீனைக் கடலில் வைத்துப் பிரித்தெடுக்க முடியாது. ஆயிரக்கணக்கான மீன்கள் வலைக்கண்ணுக்கு ஒன்றாய் மாட்டியிருப்பதால், வலையை அப்படியே சுருட்டிப் படகில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்து, மணலில் விரித்து, இரு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டு உதறுவார்கள். பெண்களும் பள்ளிக்குப் போகாத நாளில் பிள்ளைகளும் வந்து கைகொடுப்பார்கள். கூலியாக ஆளுக்குக் கொஞ்சம் மீன் போகும். பார்ப்பதற்குத் திருவிழாபோல் இருக்கும் இந்த வேலைதான் மத்தியின் ஆயுளைப் பாதியாகக் குறைக்கிறது. உதறும் வேகத்தில் செதில் உதிர்கிறது, தலை பிய்கிறது, வயிற்றுத் தோல் கிழிகிறது, கிழிந்த இடத்தில் மணல் ஏறுகிறது. முதலில் உதிர்ந்த மீன் கடைசி மீன் உதிரும்வரை வெயிலில் கிடக்கிறது. அன்று இதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஏலத்துக்குக் குவியல் கட்டியபோது, அந்த மீன்களில் முதலில் மாட்டியவை செத்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. நானோ ஏழு மணிக்கு எடுத்த மீன் என்று நம்பி என் கணக்கைத் தொடங்கியிருந்தேன்.

நெய் மத்திக்கு மட்டும் இந்த ஆறு மணி நேரம் ஏன் இவ்வளவு கொடுமையாகிறது என்பதைப் பின்னர் நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு நண்பர் விளக்கினார். மத்தி மிதவை உயிர்களைத் தின்று வாழ்வது. இரை நிறையக் கிடைக்கும் காலத்தில் அதன் வயிற்றில் செரிமான நொதிகள் மிகுதியாக இருக்கும். உயிர் போனதும் அந்த நொதிகள் மெல்லிய வயிற்றுச் சுவரையே செரிக்கத் தொடங்குகின்றன; வெப்பம் கூடக்கூட அதன் வேகமும் கூடுகிறது. வயிறு வெடிப்பது அழுகலினால் அன்று, இந்தத் தன்செரிப்பினால்தான் தொடங்குகிறது. ஆகவே வெளியே கண்ணும் செவுளும் நன்றாக இருக்கும்போதே உள்ளே வயிறு போயிருக்கக்கூடும். மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பது வழக்கம். மத்தியில் முதலில் வயிற்றைத்தான் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

அந்தப் பருவம் முழுவதும் அண்ணனுடன் வாதாடி, கரையில் மூன்று மாற்றங்களைச் செய்தோம். வலையைத் தண்ணீரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுவதில்லை என்பது முதலாவது. இதற்கு அவர் எளிதில் இசையவில்லை, ஏனென்றால் பாடு, அதாவது படும் மீனின் அளவு, குறையும் என்ற அச்சம் நியாயமானதே. வலித்த வலையின் மீது கடல்நீரில் நனைத்த சாக்குகளைப் போட்டு மூடிக்கொண்டு வருவது இரண்டாவது. காசு செலவில்லாத இந்தச் சிறு வேலை, ஈரம் காற்றில் ஆவியாவதால் மீனின் சூட்டைச் சில டிகிரி இறக்குகிறது. மூன்றாவதாக, தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்று போட்டு, அதன் கீழே தார்ப்பாய் விரித்து உதறினோம். உதிர்ந்த மீனைக் குவியல் சேரும்வரை காக்க வைக்காமல், கூடை கூடையாக எடைபோட்டு உடனே ஐஸ் தண்ணீரில் இறக்கவும் வேண்டியிருந்தது. ஏலம் விடும் வழக்கத்தை அது மீறுவதால் சிக்கல் வந்தது. எங்கள் கரையில் படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்தவர்தான் பெரும்பாலும் அந்தப் படகின் மீனை ஏலம் விடுவார். அவருடைய கமிஷன் குறையாது என்று உறுதி சொல்லி, குப்பத்துப் பஞ்சாயத்தார் முன்னிலையில் பேசி முடித்த பிறகே அது நடந்தது. குளிர்ச்சியின் அறிவியலைவிட இந்தப் பேச்சுவார்த்தைக்குத்தான் எனக்கு அதிக நாட்கள் பிடித்தன.

இனி ஐஸ். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது ஏறக்குறைய 80 கிலோகலோரி வெப்பத்தை உறிஞ்சும் என்பது என் தொழிலில் மனப்பாடம். 30 டிகிரியில் உள்ள நூறு கிலோ மீனைப் பூஜ்யம் டிகிரிக்கு இறக்குவதற்கு மட்டுமே 30 கிலோவுக்குச் சற்று மேல் ஐஸ் உருக வேண்டும். பெட்டியின் சுவர் வழியாகவும் மூடி வழியாகவும் நுழையும் வெப்பத்துக்கு உருகுவது இதற்கு மேல். கோடையில் மீனுக்குச் சரிசமம், அதாவது கிலோவுக்குக் கிலோ ஐஸ் என்ற கணக்கும், மார்கழி தை மாதங்களில் இரண்டு கிலோ மீனுக்கு ஒரு கிலோ என்ற கணக்கும் எனக்கு ஒத்துவந்தன. நான் முதல் நாள் போட்ட 200 கிலோ ஐஸ் இந்தக் கணக்குக்குச் சற்றுக் குறைவுதான். அது செங்கல் அளவில் இருந்ததும், மேலே மட்டும் இருந்ததும்தான் பெரிய தவறு. பெரிய கட்டி மீனை ஓரிரு இடங்களில்தான் தொடும். தொடாத இடத்தில் இருப்பது காற்று. காற்று குளிரைக் கடத்துவதில் சோம்பேறி. மேலும் கூர்மையான பெரிய கட்டிகள் மத்தியின் மெல்லிய வயிற்றைக் குத்திக் கிழிக்கின்றன. இப்போது நெல்மணியைவிடச் சற்றுப் பெரியதாக நொறுங்கும்படி மெஷினில் அரைத்து வாங்குகிறேன்.

உதறிய மீனை முதலில் ஐஸ் கலந்த கடல்நீரில் போடுவதுதான் நான் கற்றவற்றில் அதிகப் பலன் தந்தது. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைச் சுற்றித் தெர்மாகோல் வைத்துச் சாக்கால் கட்டிக்கொண்டோம். அதில் நொறுக்கிய ஐஸையும் சுத்தமான கடல்நீரையும் கலந்து மீனை இறக்கினோம். உப்புத் தண்ணீர் என்பதால் பூஜ்யத்துக்கும் கீழே ஒரு டிகிரி வரை குளிர்ந்து நிற்கும்; மீனின் உடலை எல்லாப் பக்கமும் தொடும்; மிதப்பதால் ஒன்றையொன்று நசுக்காது. பழைய கருவிப் பெட்டியிலிருந்த ஊசி வெப்பமானியை மீனின் முதுகுத் தசையில் குத்திப் பார்த்தேன். கிரேட்டில் மூன்று மணி நேரமாகியும் நடு மீன் 17 டிகிரியில் நின்றிருந்தது. டிரம்மில் அரை மணி நேரத்துக்குள் 2 டிகிரிக்கு வந்துவிட்டது. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஐஸ் மேலே மிதக்கும், அடித்தண்ணீர் சூடாகவே இருக்கும். துடுப்பு மாதிரி ஒரு கட்டையால் அவ்வப்போது கிளறிவிடாவிட்டால் அடியில் உள்ள மீன் கெடும். நெடுநேரம் அதிலேயே விட்டால் மீன் உப்பை உறிஞ்சி, தோலின் மினுமினுப்புப் போய்விடும். குளிர்ந்ததும் எடுத்துப் பெட்டியில் அடுக்கிவிட வேண்டும்.

இரண்டாவது இழப்பு பணத்தைப் பற்றியதன்று. அதே ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள், விற்காமல் மீந்த 20 கிலோ மத்திக்குப் புது ஐஸ் போட்டு மறுநாள் ஒரு சாப்பாட்டு மெஸ்ஸுக்குக் கொடுத்தேன். முதல் நாள் பிற்பகலில் ஐஸ் தீர்ந்து அந்த மீன் சில மணி நேரம் சூட்டில் இருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் மறுபடி ஐஸில் வைத்தபின் பார்வைக்கும் மணத்துக்கும் குறை தெரியவில்லை. நானும் வீட்டுக்கு ஒரு கிலோ எடுத்துப் போனேன். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் எனக்கு முகமும் கழுத்தும் சிவந்து, உடம்பெங்கும் தடித்து அரித்தது. தலை விண்ணென்று வலித்தது. மெஸ்ஸில் சாப்பிட்ட நால்வருக்கும் அதேதான். எல்லாருக்கும் மாத்திரையில் தணிந்துவிட்டது என்றாலும், அந்த மெஸ் வாசலில் போய் நின்ற நேரத்தை நான் மறக்கவில்லை. மத்தி, காணாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் மிகுதி. சூட்டில் பெருகும் சில நுண்ணுயிரிகள் அதை அரிப்பும் தடிப்பும் தரும் ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் குழம்பில் கொதித்தாலும் எண்ணெயில் பொரிந்தாலும் அழிவதில்லை. மீண்டும் ஐஸில் வைப்பதாலும் குறைவதில்லை. மீன் சேராத உடம்பு என்று பலர் சொல்லிக்கொள்வதில் ஒரு பகுதி, உண்மையில் சூட்டில் கிடந்த மீனின் வேலையாக இருக்கும் என்பது என் ஊகம். ஐஸ் தீர்ந்து சூடேறிய மத்தியை அன்றிலிருந்து மனிதர் உணவுக்கு நான் விற்பதில்லை. தென்னை மரத்தடியில் புதைத்துவிடுகிறேன்.

குளிர்பதன வண்டி வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் தீரும் என்று எனக்குள் இருந்த மெக்கானிக் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். வாங்கும் வசதி இல்லாததால் பழைய டீப் ஃப்ரீஸர் ஒன்றை வாங்கிப் பழுதுபார்த்து, 40 கிலோ மத்தியை ஒரே குவியலாக வைத்துப் பார்த்தேன். வெளி அடுக்கு உறைந்தது, நடுவில் உறைய ஒன்றரை நாள் ஆயிற்று. அதற்குள் நடு மீன் வீணாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து எடுத்த வெளி மீனும் மஞ்சள் படிந்து, காறல் வாடை அடித்தது. குளிர்பதன வண்டியும் இப்படித்தான்: ஏற்கெனவே குளிர்ந்த சரக்கைக் குளிராகவே வைத்திருக்க அது உதவும், சூடான மீனைக் குளிர்விக்கும் வலு அதன் காற்றுக்குக் கிடையாது. வீட்டில் மத்தியை உறைய வைக்க விரும்புவோர், சுத்தம் செய்த மீனைச் சிறு சிறு பைகளில் போட்டு, மீன் மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி, தட்டையாக வைத்து உறைய விடுவது நல்லது. காற்றுப் படாததால் நெய் கெடுவது வெகுவாகத் தள்ளிப்போகும்.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் பின்புறத்தில் இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே நான்கு விரற்கடைத் தெர்மாகோல் வைத்து, உள்ளே தகடு அடித்து, அடியில் அடைப்பானுடன் கூடிய வடிகுழாய் வைத்தேன். உருகிய தண்ணீர் வடிய வேண்டும், ஏனென்றால் இரத்தமும் சளியும் கலந்த அந்த நீரில் ஊறும் மீன் விரைவில் கெடும். ஆனால் சாலையில் ஒழுகவிடக் கூடாது. மீன் வண்டிக்குப் பின்னால் இருசக்கர வாகனத்தில் சென்று சட்டை நனைந்தவர்கள் எங்களைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆகவே ஒரு கேனில் பிடித்து நிற்கும் இடத்தில் கொட்டுகிறேன். மத்தியை ஒரு சாண் உயரத்துக்கு மேல் அடுக்கினால் அடி மீன் நசுங்கும் என்பதால் ஆழம் குறைந்த கிரேட்டுகள் வேண்டும். அடியில் ஐஸ், மீன், ஐஸ், மீன், மேலே ஐஸ் என்பது வரிசை. பக்கச் சுவரை ஒட்டியும் ஒரு கை ஐஸ் போட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் ஐஸ் பார்களை உமியில் புதைத்து வைப்பார்கள். நெல் விளையும் ஊர்க்காரர்களான எங்களுக்கு உமிக்குப் பஞ்சமில்லை. பாரைக் காப்பதற்கு அது மிக நல்லது, மீனோடு கலந்தால் மட்டும் செவுளில் புகுந்து பெரும் தொல்லை. பாலக்காட்டுப் பக்கம் போகும் சரக்கு என்றால் மாலை ஆறு மணிக்குக் கிளம்பி, தஞ்சாவூர், திருச்சி வழியாக இரவில் ஓட்டி, விடியலில் சேர்வதே வழக்கம். பகல் வெயிலில் தார்ச்சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டினால் ஐஸ் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

2018 ஜூன் மாதத்தில் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் என்ற நச்சு ரசாயனம் கலந்த மீன் பிடிபட்ட செய்தி பரவியபோது, ஒழுங்காக ஐஸ் போட்டவர்களின் சரக்கும் சேர்ந்து தேங்கியது. ஒரு பொட்டலத்தைக் காட்டி, இதைக் கரைத்துத் தெளித்தால் ஐஸ் செலவு பாதி மிச்சம் என்று என்னிடமும் ஒருவர் வந்து சொன்னதுண்டு. மீனுக்கு ஈ வராமல் இருப்பது நல்ல அறிகுறியன்று என்பதை மட்டும் வாங்குவோருக்குச் சொல்லி வைக்கிறேன்.

அந்த ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் குப்பம் வடக்கே இருந்ததால் படகுகள் தப்பின. ஆனால் தெற்கே மின்கம்பங்கள் எல்லாம் சாய்ந்து, நான் ஐஸ் வாங்கும் ஆலை வாரக்கணக்கில் நின்றுபோயிற்று. கடல் அடங்கியதும் மத்தி வந்தது; ஐஸ் வரவில்லை. ஐஸை மட்டுமே நம்பி இரண்டு வியாபார ஆண்டுகளைக் கடத்தியிருந்த நான், அண்ணனின் அக்காவிடம் போய் நின்றேன். அவர் கருவாடு போட்டே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். தரங்கம்பாடியிலிருந்து மாயவரத்துக்கு ரயில் ஓடிய காலத்தில் கூடையோடு அதில் போய்வந்தவர். ரயில் நின்றபின் பேருந்தில் மீன் கூடையை ஏற்ற மாட்டோம் என்று இறக்கிவிடப்பட்ட கதைகளை அவர் சொல்லத் தொடங்கினால் பொழுது போதாது.

"நெத்திலிக்கு வெயிலு மாமியா ஊட்டு விருந்து மாரி, மத்திக்கு வெயிலு ஆவாது தம்பி" என்று அவர் சொன்னதன் பொருளை அந்த மாதத்தில் கண்ணால் கண்டேன். நெத்திலி மெலிந்த உடம்பு. அலசி விரித்தால் நல்ல வெயிலில் ஓரிரு நாளில் காய்ந்துவிடும். மத்தி காயக் காய நெய் கசியும். அந்த நெய் காற்றும் ஒளியும் பட்டுத் துருவைப்போல் பழுப்பேறிக் காறும். உப்பில் கலந்திருக்கும் இரும்புத் துகள் அதை இன்னும் விரைவாக்கும். எனவே துருப்பிடித்த தகரத்திலோ இரும்புத் தொட்டியிலோ மத்திக்கு உப்புப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். முதுகுப் பக்கம் கீறிக் குடலும் செவுளும் எடுத்து, கருஞ்சவ்வைச் சுரண்டி, நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு என்ற கணக்கில் சிமெண்ட் தொட்டியில் அடுக்கி, மேலே பலகையும் கல்லும் வைத்து அழுத்தினோம். ஓர் இரவில் மீன் தன் நீரை விட்டு அதிலேயே மூழ்கிவிடும். மூழ்கினால்தான் காற்றுப் படாது.

உப்பிலும் வேறுபாடு உண்டு. வேதாரண்யம் பக்கத்து உப்பளங்களில் புதிதாக வாரிய உப்பை அவர் வாங்குவதில்லை. ஒரு மழைக்காலமாவது அம்பாரத்தில் கிடந்து கசிவு வடிந்த பழைய உப்பைத்தான் தேடுவார். புது உப்பில் மக்னீசியம் உப்புகள் மிகுதி. அவை கசப்பைத் தருவதோடு, உப்பு சதைக்குள் இறங்குவதையும் மந்தப்படுத்துகின்றன. காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கருவாட்டைப் பிசுபிசுக்க வைக்கின்றன. அம்பாரத்தில் அவை கரைந்து வடிந்துவிடும். பள்ளிக்கூடப் பக்கமே போகாத அந்த அம்மாள் இதைக் கையால் ஒரு பிடி எடுத்துப் பிசைந்து பார்த்தே கண்டுபிடிப்பார்.

உப்பிலிருந்து எடுத்ததை மணலில் போடாமல், கம்பு நட்டு இடுப்பளவு உயரத்தில் கட்டிய பழைய வலையின் மேல் காயவைத்தோம். கீழிருந்தும் காற்று போவதால் விரைவில் காயும், மணல் ஒட்டாது, நாய் கோழி தொடாது. உச்சி வெயிலில் மூடிவிட்டுக் காலையும் மாலையும் மட்டுமே திறப்பது அவர் முறை. உச்சி வெயிலில் தோல் வெந்து இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டுப் பின்னர் பூஞ்சை பிடிக்கும். ஏறக்குறைய மூன்று கிலோ மீன் ஒரு கிலோ கருவாடாயிற்று. பனையோலைப் பாயில் சுற்றி, வெளிச்சம் படாத மூலையில் வைத்து, ஒன்றரை மாதத்துக்குள் விற்றுத் தீர்த்தோம். மத்திக் கருவாட்டை அதற்கு மேல் வைத்திருப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. நெய் ஏறிய மத்தி கிடைக்கும் மாதங்களில் வெயிலை முற்றிலும் விட்டுவிட்டு, உப்பிட்ட மீனை ஓலைப்பாயில் கட்டி மணலில் குழி தோண்டிப் புதைக்கும் குழிக்கருவாடே மேல் என்று அக்கா சொல்வார். அதன் மணம் எங்கள் வீட்டில் யாருக்கும் ஆகவில்லை. வாங்குவதற்கென்றே தேடி வருபவர்கள் இருக்கிறார்கள்.

மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலையைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்த அனுபவம் முழுமையாகாது. தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்ட அந்த வலையை, 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில் மட்டும் பயன்படுத்த 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி அளித்தது. எங்கள் கரையில் இதனால் ஊருக்கு ஊர் மனத்தாங்கல் உண்டு; நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வியாபாரியின் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான்: அந்த வலையில் மீன் உயிரோடு, செதில் கெடாமல் வருகிறது, ஆனால் ஒரே நாளில் டன் கணக்கில் வந்து, படகில் முழங்கால் உயரம் கொட்டப்பட்டு, அடியில் உள்ளது நசுங்கி, கரையில் இருக்கும் ஐஸ் எதற்கும் போதாமல், பாதிக்கு மேல் தீவன ஆலைக்குப் போகிறது. ஃபைபர் படகின் 50 கிலோவுக்கு நான் ஐஸ் வைத்துக் காத்திருக்க முடியும்; ஐந்து டன்னுக்கு எவராலும் முடியாது.

இப்போது எங்களுடன் பழகும் ஆறு படகுகளில் இரண்டு, கடலுக்குப் போகும்போதே ஒரு சிறு ஐஸ் பெட்டியை எடுத்துப்போகின்றன. அந்த ஐஸுக்கு நான் காசு கொடுப்பதோடு, அந்த மீனுக்குக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகவும் தருகிறேன். மற்ற நால்வரும் பெட்டி இருக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் வலை வைக்கலாம் என்கிறார்கள். மீன் படாமல் திரும்பும் நாளில் உருகிப்போன ஐஸை யார் கணக்கில் எழுதுவது என்றும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்காகவே சென்ற தை மாதத்திலிருந்து, மீன் படாத நாளின் ஐஸில் பாதியை என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். அதன் பிறகு மூன்றாவது படகுக்காரர் பெட்டியின் அளவைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.